நாயை நலமடிப்பதா, விடுவதா: எந்த நாய்க்கு, எந்த வயதில்

திருகோணமலையில் நாய் வைத்திருப்பவர்களிடம் நலமடிப்பதை, அதாவது குட்டி உண்டாகாதபடி சத்திரசிகிச்சை செய்வதைப் பற்றிக் கேட்டால் பதில் உடனே வரும். "நலமடிச்சா நாய் சோம்பேறியாப் போயிரும், குரைக்காது" என்பார் ஒருவர். "எல்லா நாய்க்கும் ஆறு மாதத்திலேயே செய்துவிட வேண்டும், கடிக்கிற குணமும் போய்விடும்" என்பார் இன்னொருவர். "பெட்டை ஒருதரம் குட்டி போட்ட பிறகுதான் செய்யலாம்" என்பார் மூன்றாமவர். மூன்றும் பிழை. அந்தச் சத்திரசிகிச்சை உடம்பிலிருந்து எதை எடுக்கிறது, எடுத்ததால் எது நிற்கிறது, எது நிற்பதில்லை என்பதை யாரும் இருத்திவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. அது விளங்கிவிட்டால், உப்புவெளியில் மதிலுக்குள் நிற்கிற ஜேர்மன் ஷெப்பர்டுக்கும் தம்பலகாமத்தில் மாட்டோடு போய் மாட்டோடு வருகிற ஊர் நாய்க்கும் ஏன் வேறு வேறு பதில் என்பதும் விளங்கிவிடும்.

மாட்டிலிருந்து வந்த சொல்

நலமடித்தல் நமக்கு மாட்டுக்குப் பழகிய சொல். நாம்பனின் விதைக்குப் போகும் நாளங்களைக் குறட்டால் வெளியிலிருந்தே நசுக்கிவிடுவார்கள். தோல் கிழியாது, விதை சில வாரங்களில் சுருங்கிவிடும். நாய்க்கு இந்த முறை கிடையாது. குறட்டால் நசுக்குவதும், இறப்பர் வளையம் போட்டு இறுக்குவதும், வீட்டில் பிளேடு எடுப்பதும் நாய்க்குச் சித்திரவதை. புண் அழுகிச் சாகவும் கூடும்.

நாயில் இதை மிருக வைத்தியர், முழு மயக்கம் கொடுத்துச் செய்கிறார். கடுவன் நாயில் ஒரு சிறு கீறல் வழியாக இரண்டு விதைகளையும் எடுப்பார். பெட்டையில் வயிற்றைத் திறந்து இரண்டு சூலகங்களை எடுப்பார். பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து எடுப்பார். சூலகம் என்பது முட்டை உருவாகிற உறுப்பு. பெட்டையின் பால் ஹோர்மோன்களும் அங்கேதான் சுரக்கின்றன. பெட்டைக்குச் செய்வதை ஊரில் 'கருத்தடை' என்றும் 'ஒப்பரேசன்' என்றும் சொல்வார்கள். இங்கே இரண்டுக்கும் நலமடித்தல் என்ற ஒரே சொல்லையே வைத்துக்கொள்வோம்.

குட்டி போடாமல் தடுப்பது மட்டுமே இதன் வேலை என்றால் முடிவெடுப்பது சுலபம். ஆனால் விதையும் சூலகமும் குட்டி உண்டாக்குவதோடு ஹோர்மோனையும் சுரக்கின்றன. நன்மை, தீமை இரண்டும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கோவில் மணி

ஹோர்மோன் என்றால் ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தோடு ஓடி, உடம்பு முழுவதற்கும் போய்ச் சேருகிற ஒரு செய்தி. பூசைக்கு அடிக்கிற மணியை நினைத்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றுதான். ஆனால் அதைக் கேட்டதும் மேளகாரர் தவிலை எடுக்கிறார், மடைப்பள்ளியில் நைவேத்தியம் இறக்குகிறார்கள், வீதியில் நிற்பவர் செருப்பைக் கழற்றிக் கும்பிடுகிறார். எந்த வேலை நடக்கும் என்பதை மணி தீர்மானிப்பதில்லை, அதைக் கேட்கிற ஆள்தான் தீர்மானிக்கிறார். நாயின் உடம்பிலும் மூளை, எலும்பு, பால் சுரப்பி, கருப்பை, சிறுநீர்ப்பையின் வாய் என்று பல இடங்கள் இந்த மணியைக் கேட்டபடியே இருக்கின்றன. ஒவ்வொன்றும் அதற்கு ஒவ்வொரு வேலை செய்கிறது.

இனி மணியைக் கழற்றிவிட்டோம் என்று வையுங்கள். மணிக்காக மட்டும் எழும்புகிறவர் எழும்பமாட்டார். தனக்கென்று வேறு வேலை இருப்பவர் எப்போதும்போல வருவார். மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: இருபது வருடமாக மணிக்கு வந்து பழகியவர். மணி இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்குக் கால் அவரைத் தானாகக் கொண்டுவந்து விடும்.

நாயின் குணங்களும் இந்த மூன்று வகைக்குள் அடங்கும். நலமடித்தலைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பகுதி, ஒரு வகையை இன்னொன்றாக நினைப்பதால் வருவது.

எது நிற்கும், எது நிற்காது

முதல் வகை, மணிக்காகவே நடப்பவை: வேட்கையில் (இணையத் தயாராக) நிற்கும் பெட்டையைத் தேடி இரவில் வேலி பாய்வது, பெட்டைக்காகக் கடுவன்கள் கூடிக் கடிபடுவது, மேலேறுவது, வீட்டுத் தூணுக்குத் தூண் காலைத் தூக்கி மூத்திரம் தெளிப்பது. கடுவனில் விதையை எடுத்து ஓரிரு நாளுக்குள் ஆண் ஹோர்மோன் ஏறத்தாழ இல்லாமல் போய்விடும். குணம் அதோடு உடனே மாறாது. வாரக்கணக்கில், சிலவேளை சில மாதங்களில் மெல்லக் குறையும்.

இரண்டாம் வகை, மணியோடு சம்பந்தமில்லாதவை: கேற்றடியில் புது ஆளைக் கண்டால் குரைப்பது, மாட்டை வளைத்துக் கொண்டுவருவது, மோப்பம், எசமான் மீதுள்ள ஒட்டுதல். இவை இனத்திலிருந்தும் பழக்கியதிலிருந்தும் வருபவை. விதையில் இல்லாததை விதையோடு சேர்த்து எடுத்துவிட முடியாது. காவல் போய்விடும் என்ற பயத்துக்கு இதற்கு மேல் பதில் வேண்டியதில்லை.

மூன்றாம் வகை பழக்கமானவை. ஐந்து வயது வரை ஒழுங்கை முழுதும் சுற்றித் திரிந்த கடுவனை நலமடித்தாலும், சுற்றுவது ஓரளவுக்குத்தான் குறையும். மீன்வாடியில் மீன் தலை கிடைக்கும் என்று அதற்குத் தெரியும். போகிற வழி மனப்பாடம்.

இனிக் கடி. எல்லாக் கடியும் ஒரே கடி என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. பெட்டைக்காகக் கடிபடும் கடுவன் முதல் வகை; நலமடித்தால் பெரும்பாலும் குறையும். பயத்தில் கடிக்கிற நாய் அப்படியல்ல. அதைப் பார்த்தே அறியலாம். ஆள் வரும்போது வால் பின்காலுக்கு இடையில் போகும். காது பின்னால் படியும். உடம்பின் பாரம் பின்னங்காலில் இருக்கும். நேரே வராமல் அரைவட்டமாகச் சுற்றும். ஆள் திரும்பி நடக்கத் தொடங்கியதும் குதிகாலில் ஒரு கடி விழும். இந்த நாயை நலமடித்தால் கடி குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆண் ஹோர்மோன் நாய்க்குக் கொஞ்சம் துணிவும் கொடுக்கிறது. அது போனால் ஏற்கனவே பயந்த நாய் இன்னும் பயப்படலாம், கடி கூடவும் செய்யலாம். இப்படிப்பட்ட கடுவனுக்கு முதலில் பயம் தெளியப் பழக்க வேண்டும். சத்திரசிகிச்சையைப் பிறகு யோசிக்கலாம்.

இதுவரை சொன்னது இவ்வளவு: நலமடிப்பது ஒரு மணியை நிறுத்துகிறது. மணிக்காக நடந்தவை நிற்கும், மற்றவை நிற்காது, நாள்பட்டுப் பழகியவை பாதி நிற்கும்.

பெட்டை நாய்

பெட்டைக்கு முதல் வேட்கை ஊர் நாய்களில் பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வரும். பெரிய இனங்களில் ஒன்றரை வயது வரை பிந்தலாம். வேட்கை என்பது அது இணையத் தயாராகும் காலம். 'ஹீற்றுக்கு வந்திட்டுது' என்று சொல்வது இதைத்தான். மொத்தம் ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும். முதல் ஒன்பது பத்து நாள் இரத்தக் கசிவு இருக்கும். கடுவன்கள் கேற்றடியில் கூடும், ஆனால் பெட்டை இடம் கொடுக்காது. பிறகு கசிவு வெளிறிக் குறையும், பெட்டை வாலை ஒரு பக்கம் ஒதுக்கி நிற்கும். சூல் கொள்ளும் நாட்கள் அவைதான். இரத்தம் நின்றுவிட்டது என்று நினைத்து அவிழ்த்துவிடுகிறவர்கள் சரியாக அந்த நாளில்தான் அவிழ்த்துவிடுகிறார்கள். ஏறத்தாழ 63 நாளில் குட்டி. ஆறேழு மாதத்தில் அடுத்த வேட்கை.

அதிகம் பேசப்படாத ஒன்று இதற்குப் பிறகு நடக்கிறது. சூல் கொண்டாலும் கொள்ளாவிட்டாலும், ஒவ்வொரு வேட்கைக்குப் பின்னும் ஏறத்தாழ இரண்டு மாதம் பெட்டையின் உடம்பில் புரொஜெஸ்தரோன் என்ற ஹோர்மோன் உயர்ந்தே நிற்கும். குட்டியை எதிர்பார்த்து அது கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது, வாயை மூடுகிறது, கருப்பை சுருங்கிக் கழிவைத் தள்ளாமல் பிடித்துவைக்கிறது. மாரி முழுவதும் கதவு யன்னல் பூட்டிக் கிடக்கிற வீட்டை நினையுங்கள். உள்ளே ஈரம், காற்றோட்டம் இல்லை. பூஞ்சணம் பிடிக்காமல் என்ன செய்யும்? வேட்கையின்போது வாய் திறந்திருந்த நேரத்தில் உள்ளே போன கிருமி அங்கே பெருகும். ஒவ்வொரு வேட்கையிலும் இது திரும்பத் திரும்ப நடப்பதால் வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும். இந்த நோய்க்குக் கருப்பைச் சீழ் என்று பெயர். சுவீடனில் காப்புறுதி செய்யப்பட்ட நாய்களின் பதிவுகளில், நலமடிக்காத பெட்டைகளில் ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்று வரை பத்து வயதுக்குள் இந்த நோய்க்கு ஆளாகியிருக்கின்றன.

அடையாளம்: வேட்கை முடிந்து இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் பெட்டை வழமையைவிட நிறையத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி மூத்திரம் பெய்யும், சோற்றைத் தள்ளிவிடும், வாந்தி எடுக்கும். பின்பக்கத்தில் நாற்றமுள்ள சீழ் வரலாம். சீழ் வராவிட்டால் இன்னும் மோசம்: கருப்பையின் வாய் மூடியிருக்கிறது, சீழ் உள்ளேயே நிரம்புகிறது, வயிறு பெருத்துக்கொண்டே வரும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்கக்கூடிய நோயல்ல இது. அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். மருந்து பெரும்பாலும் அதே சத்திரசிகிச்சைதான். ஆனால் அது நோயால் களைத்த, நஞ்சு ஏறிய உடம்பில் நடக்கும். நல்ல சுகத்தோடு இருக்கும்போது செய்தால் அரை மணித்தியால வேலை, இப்போது செய்தால் உயிர்ப் போராட்டம்.

இரண்டாவது, முலைக் கட்டி. பெட்டை நாய்களின் முலைக் கட்டிகளில் ஏறத்தாழ பாதி புற்றுநோய். 1969 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, நலமடிக்காத பெட்டைக்கு உள்ள ஆபத்தை நூறாக வைத்தால், முதல் வேட்கைக்கு முன் நலமடித்தவற்றுக்கு அரை, முதலாம் வேட்கைக்குப் பின் செய்தவற்றுக்கு எட்டு, இரண்டாவதற்குப் பின் செய்தவற்றுக்கு இருபத்தாறு என்று கணக்கிட்டது. அந்த எண்களை வேதவாக்காக எடுக்க வேண்டாம். இதுபற்றிய ஆய்வுகளை 2012 இல் திரும்பப் பரிசீலித்தவர்கள் ஆதாரம் பலமாக இல்லை என்றே எழுதினார்கள்.

மூன்றாவது, நம் தெரு நாய்களில் சாதாரணமாகக் காண்கிற ஒன்று: இணையும்போது தொற்றும் கட்டி. இதைத் தொற்றவைப்பது கிருமியல்ல, புற்றுக் கலமே. ஒரு நாயின் கட்டியிலுள்ள கலங்கள் உரசும்போதும் நக்கும்போதும் அடுத்த நாயில் ஒட்டி அங்கேயே வளர்கின்றன. பின்பக்கத்தில் பூக்கோவா போன்ற சிவந்த சதை, சொட்டுச் சொட்டாக இரத்தம். வேட்கை இரத்தம் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மூன்று வாரம் தாண்டியும் இரத்தம் நிற்காவிட்டால் காட்டிப் பாருங்கள். வின்கிறிஸ்ரின் என்ற ஊசியை வாரம் ஒன்றாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் முற்றாகக் குணமாகும்.

பெட்டைக்குப் பாதகமும் உண்டு. சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கி வைப்பதில் பெண் ஹோர்மோனுக்கும் பங்கு இருக்கிறது. நலமடித்த சில பெட்டைகளில், முக்கியமாகப் பெரிய இனங்களில், சில வருடம் கழித்துப் படுத்த இடம் நனையும். மருந்தால் அடக்கலாம், ஆனால் நீண்டநாள் மருந்து அது.

"ஒருதரம் குட்டி போடட்டும்" என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. ஒருதரம் போட்டால் நான்கிலிருந்து எட்டுக் குட்டி. அவற்றில் கடுவன்களைக் கேட்டு வருகிறார்கள். பெட்டைக் குட்டிகள் பெட்டியில் போட்டுச் சந்தையடியிலோ கோவில் வாசலிலோ விடப்படுகின்றன. பால் குடி மறக்காத குட்டி அங்கே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நலமடிப்பது பாவம் என்று மனம் வருந்துகிறவர்கள் அந்தப் பெட்டிக்குள்ளும் ஒருதரம் எட்டிப் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: வெளியில் திரிகிற, அல்லது வேலி ஓட்டையாக இருக்கிற வளவில் வளர்கிற ஊர்ப் பெட்டைக்கு, முதல் வேட்கைக்கு முன், ஐந்தாறு மாதத்தில் செய்துவிடுவதே நல்லது. இதில் தயங்க ஒன்றுமில்லை.

கடுவன் நாய்

கடுவனுக்குக் காரணங்கள் இவ்வளவு பலமாக இல்லை. நலமடித்தால் விதையில் கட்டி வராது. வயதானபின் மூத்திரப் பையடியிலுள்ள முன்னிற்குஞ் சுரப்பி வீங்கி, முக்கி முக்கி மலம் கழிக்கிற தொல்லை வராது. சுற்றித் திரிவது குறைவதால் வாகனத்தில் அடிபடுவதும் கடிபட்டுப் புழுப்பிடிப்பதும் குறையும். ஊர் வீதிகளில் கடுவனுக்கு ஆயுள் கூட்டுவது இந்தக் கடைசிக் காரணம்தான்.

ஆனால் ஊரில் நாய்த்தொகை குறைய வேண்டும் என்று கடுவன்களை மட்டும் பிடித்துச் செய்வதில் பலன் சொற்பம். கணக்குப் பாருங்கள். ஒரு கிராமத்தில் பத்துக் கடுவன், பத்துப் பெட்டை. ஒன்பது கடுவனை நலமடித்தாலும் மிஞ்சிய ஒன்று பத்துப் பெட்டையையும் சூலாக்கிவிடும். ஒன்பது பெட்டையை நலமடித்தால் மிஞ்சுவது ஒரு ஈற்று. பணமும் மருந்தும் குறைவாக இருந்தால் பெட்டைக்கே முதலிடம்.

ஒரு கடுவனுக்கு மட்டும் யோசனை தேவையில்லை. ஆறு மாதமாகியும் விதைப்பையில் ஒரு விதைதான் கைக்குத் தட்டுப்படுகிறது என்றால், மற்றது வயிற்றுக்குள்ளோ கவட்டிலோ தங்கிவிட்டது. உடம்புச் சூட்டில் கிடக்கிற அந்த விதை பிற்காலத்தில் கட்டியாகும் வாய்ப்பு மிக அதிகம். இரண்டையும் எடுத்துவிட வேண்டும். இந்தக் குறை பரம்பரையாக இறங்கும். அந்தக் கடுவனைக் குட்டிக்கு விடவும் கூடாது.

பெரிய இனம்: சுவரை நிறுத்தச் சொல்கிறவர்

ஜேர்மன் ஷெப்பர்ட், லாப்ரடோர், ரொட்வைலர் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

குட்டியின் நீண்ட எலும்புகளின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்று மெல்லிய குருத்தெலும்பு உண்டு. எலும்பு நீளுவது அங்கேதான். வயது வந்ததும் பால் ஹோர்மோன் அந்தத் தட்டுக்குப் 'போதும்' என்று சொல்லி மூடவைக்கிறது. வீடு கட்டும்போது நாலு சுவரையும் நாலு மேசன் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். தலைமை மேசன் வந்து "இந்த மட்டத்தோடு நிப்பாட்டு" என்று சொல்ல வேண்டும். அவர் வராவிட்டால் ஒருவர் இரண்டு வரி கூடக் கட்டிவிடுவார், கூரை சரியாக உட்காராது. நலமடித்த குட்டியிலும் எலும்பு கொஞ்சம் கூடுதலாக நீளும். தட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடுபவை அல்ல. அதனால் மூட்டுப் பொருத்தம் பிசகலாம். பதினைந்து கிலோ ஊர் நாய்க்கு இது பெரிதாகத் தெரியாது. முப்பத்தைந்து கிலோ பாரத்தைச் சுமக்கிற மூட்டில் தெரியும்.

கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகம் ஜேர்மன் ஷெப்பர்ட்களைப் பற்றி 2016 இல் வெளியிட்ட ஆய்வில், நலமடிக்காத கடுவன்களில் நூற்றுக்கு 7 க்கு மூட்டு நோய் இருந்தது. ஒரு வயதுக்கு முன் நலமடித்தவற்றில் நூற்றுக்கு 21. பெட்டைகளில் நலமடிக்காதவற்றில் நூற்றுக்கு 5, ஒரு வயதுக்கு முன் நலமடித்தவற்றில் 16. ஆறு மாதத்திலேயே எல்லா நாய்க்கும் செய் என்ற பேச்சு இங்கே பிழைக்கிறது.

ஆகவே பெரிய இனக் கடுவனுக்கு ஒன்றரை வயது, மிகப் பெரிய இனமென்றால் இரண்டு வயது வரை பொறுங்கள். பெட்டைக்கு ஒரு வயது கடந்து, பெரும்பாலும் முதல் வேட்கை முடிந்தபின். பொறுப்பதற்கு ஒரு நிபந்தனை: மூன்று வாரம் பூட்டிவைக்கக்கூடிய மதிலும் கேற்றும் உங்களிடம் இருக்க வேண்டும். வேலியால் பாய்ந்துவிடும் என்றால் மூட்டைவிடக் குட்டியும் கருப்பைச் சீழும் பெரிய பிரச்சினை.

பட்டியிலும் வாடியிலும் வேலை செய்கிற நாய்கள்

வேலை நாயை நலமடித்தால் வேலை கெடும் என்கிறவர்களுக்கு, வண்டி இழுக்கிற எருதைக் காட்டலாம். நலமடித்ததால்தான் அது வண்டியில் பூட்டக்கூடிய எருதாயிற்று. நாயிலும் அப்படியே. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டப் பழக்கும் நாய்கள், உலகிலேயே மிக நுணுக்கமான வேலை செய்பவை, வேலைக்கு விட முன் அனேகமாக எல்லாமே நலமடிக்கப்படுகின்றன. இன்னொரு நாய் குறுக்கே போனால் அவை திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதே காரணம்.

மாட்டுப் பட்டியில் இதை இன்னும் கிட்டப் பார்க்கலாம். பட்டிக்குக் காவலாகப் பெட்டை நிற்கிறது, வேட்கைக்கு வருகிறது. மூன்று வாரம் ஏழெட்டுக் கடுவன்கள் பட்டியைச் சுற்றும், கடிபடும். கன்றுத்தாய்ச்சி மாடுகள் மிரளும். கன்று நிற்கிற மூலைக்குள் புகுந்து ஓடும். பெட்டையின் கண் மாட்டில் இருக்காது. அதன்பின் இரண்டு மாதம் சூல், இரண்டு மாதம் பால். வருடத்தில் பாதி நாள் அந்த நாய் காவலுக்கு இல்லை. கடுவன் என்றால் அயல் பட்டியில் பெட்டை வேட்கையில் நிற்கிற இரவு அது இங்கே இருக்காது. நரி கன்றுக்கு வருகிற இரவும் அதுவாக இருக்கலாம். சேனைக் காவலிலும் நிலாவெளிப் பக்க மீன்வாடிகளிலும் இதே கதைதான்.

பட்டிப் பெட்டைக்கு ஆறு மாதத்தில் செய்யுங்கள். கடுவனை வளர்ந்து, மாட்டோடு பழகி முடிய, ஒன்றரை வயதளவில் செய்யலாம். நல்ல வேலை நாயின் வாரிசு வேண்டும் என்பது நியாயமான ஆசை. அப்படியானால் வேலையில் தேர்ந்த, மூன்று வயது கடந்த, நோயில்லாத ஒரு சோடியை மட்டும் விட்டுவையுங்கள். இணைய விட முன்னரே குட்டி கேட்பவர்களின் பெயரை எண்ணுங்கள், பெட்டைக் குட்டி எடுப்பவர்களையும் சேர்த்து. பெயர் ஆறு வராவிட்டால் இணைய விட வேண்டாம்.

மதிலுக்குள் நிற்கும் காவல் நாய், சங்கிலியில் பழகிய கடுவன், அயலில் சண்டையும் இல்லை என்றால் நலமடிக்காமல் வைத்திருப்பதும் தவறல்ல.

ஊசி போட்டால் போதாதா?

பெட்டைக்கு வேட்கை வராமல் போடும் கருத்தடை ஊசி, மேலே சொன்ன அதே புரொஜெஸ்தரோனைப் போன்ற மருந்து. அதாவது பூட்டிக் கிடக்கிற வீட்டை இன்னும் பல மாதம் பூட்டி வைப்பது. கருப்பைச் சீழும் முலைக் கட்டியும் இதனால் கூடும், நீரிழிவும் வரலாம். ஏற்கனவே சூல் கொண்ட பெட்டைக்குத் தெரியாமல் போட்டால் குட்டி பிறக்கும் நேரத்தில் பிரசவம் தடைப்பட்டு, தாயும் குட்டியும் சாகலாம். விலை குறைவு என்பதைத் தவிர இதற்கு ஒரு நன்மையும் இல்லை.

இன்னொரு குழப்பமும் தீர வேண்டும். நலமடிப்பது விசர்நாய் நோயைத் தடுக்காது. அதைத் தடுப்பது வருடாந்தத் தடுப்பூசி. இரண்டையும் செய்ய வேண்டும்.

கொண்டுபோக முன்

பெட்டை வேட்கையில் நிற்கும்போது கொண்டுபோகாதீர்கள். கருப்பைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அப்போது பருத்திருக்கும், இரத்தம் அதிகம் போகும். வேட்கை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழியட்டும். குட்டி போட்டிருந்தால் பால் மறந்து, முலை வற்றியபின்.

நம் பக்கத்தில் உண்ணி அதிகம். உண்ணிக் காய்ச்சல் உள்ள நாயின் இரத்தத்தில் இரத்தத்தை உறையவைக்கும் குறுந்தட்டுகள் குறைந்திருக்கும். வெளியில் நாய் நன்றாகவே தெரியும், மேசையில் கிடத்திக் கீறியபின் இரத்தம் நிற்காது. மேல் உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். வெளிர் சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தாலோ, செம்புள்ளிகள் தெரிந்தாலோ, மூக்கால் இரத்தம் வந்திருந்தாலோ, முதலில் இரத்தப் பரிசோதனை. இரண்டு வாரம் முன்பே உண்ணி மருந்தும் பூச்சி மருந்தும் கொடுத்து முடியுங்கள்.

முதல்நாள் இரவு எட்டு மணிக்குச் சோறு, பிறகு ஒன்றுமில்லை. தண்ணீரைக் காலை வரை வைக்கலாம். அவிழ்த்து விட்டு வளர்க்கிற நாயை அன்றிரவு கட்டாயம் கட்டிவையுங்கள். நீங்கள் பட்டினி போட்டாலும் அது பக்கத்து வீட்டு மீன் குடலைத் தின்றுவிட்டு வரும். மயக்கத்தில் வாந்தி வந்தால் சுவாசப்பைக்குள் போகும். மயக்கத்தில் நாய் சாவதற்கு இதுவும் ஒரு காரணம், தவிர்க்கக்கூடிய காரணம். மயக்க மருந்து நிறைக்கேற்ப அளக்கப்படுவதால் நாயை நிறுத்துப் பார்த்தே கொடுக்க வேண்டும். கண்ணளவில் சொல்ல விடாதீர்கள்.

நாய்களை நலமடிக்கும் முகாம் நடக்கும் திகதியை அரச மிருக வைத்திய அலுவலகத்திலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேளுங்கள். தெரிவு உங்கள் கையில் இருந்தால் மாரிக்கும் கச்சான் காற்று உரக்க வீசும் காலத்துக்கும் நடுவில் ஒரு நாளைத் தெரிந்தெடுங்கள். மாரியில் முற்றம் காயாது, புண்ணும் காயாது. கச்சானில் மண் பறந்து தையலில் ஒட்டும்.

அடுத்த பத்து நாள்

முதல் இரவு நிழலான, காற்றுப்படாத இடத்தில் சாக்கு விரித்துப் படுக்கவிடுங்கள். தள்ளாடாமல் நடக்கும் வரை சோறு வேண்டாம். பிறகு வழமையின் பாதி. கிணற்றடிக்கோ படிக்கோ பக்கத்தில் விட வேண்டாம்.

பத்திலிருந்து பதினான்கு நாள் வரை கட்டி, சங்கிலியோடு மட்டும் நடத்துங்கள். குளிக்க வார்க்க வேண்டாம். புண்ணைக் காலை மாலை பாருங்கள். கடுவன் ஓடினால் விதைப்பை இரத்தம் கட்டி வீங்கும். பெட்டை பாய்ந்தால் உள்தையல் விடும். நக்குவதுதான் முதல் எதிரி: ஒரு இரவு நக்கினாலே தையல் பிரிந்துவிடும். கழுத்துக் கூம்பு இல்லாவிட்டால் பிளாஸ்ரிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்புக்குத் துணி சுற்றிக் கழுத்தில் மாட்டலாம். மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு விரல் அகலம் நீண்டிருக்க வேண்டும். பெட்டைக்குப் பழைய ரீ சேட் போதும். முன்காலைக் கையில் விட்டு, தொங்கலை முதுகில் முடிச்சுப் போடுங்கள்.

புண்ணில் மஞ்சள், சாம்பல், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். புழு விழுந்தால் அலுமாரிக்குப் போடும் பூச்சி உருண்டையை நசுக்கி வைக்கவே வேண்டாம், அது நஞ்சு. வலிக்கிறதே என்று பனடோலோ இபுபுரோபனோ டைக்ளோபெனாக்கோ கொடுக்க வேண்டாம். மனிதருக்கான இந்த மாத்திரைகள் நாயின் ஈரலையும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

முரசு வெளுத்து நாய் எழும்பாமல் கிடந்தால், வயிறு உப்பினால், புண் வாய் திறந்தால், சீழ் நாறினால் உடனே திரும்பக் கொண்டுபோங்கள். தையல் வரிசையில் சின்னதாய், வலியில்லாத, மெத்தென்ற வீக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் தானாக வற்றும்.

கடுவனை நலமடித்தும் ஆறு வாரம் வரை பெட்டையோடு விடாதீர்கள். விதை போனாலும் குழாயில் தங்கிய விந்து கொஞ்சநாள் இருக்கும்.

சோற்றுக் கோப்பை

நலமடித்த நாய் கொழுப்பது விதியல்ல. உடம்புக்கு வேண்டிய சத்து ஏறத்தாழ கால்வாசி குறைகிறது, பசி குறைவதில்லை. வீட்டில் கோப்பை மட்டும் அதே கோப்பை. 400 கிராம் சோறும் மீனும் கொடுத்திருந்தால் 300 ஆக்குங்கள். குறைப்பதைச் சோற்றில் குறையுங்கள், மீனில் வேண்டாம். நாள் முழுதும் மாட்டோடு நடக்கிற நாய்க்கு உடனே குறைக்காமல் உடம்பைப் பார்த்து முடிவு செய்யலாம். மாதம் ஒருதரம் விலாவில் விரலை ஓட்டிப் பாருங்கள். உங்கள் புறங்கை எலும்பைத் தடவுவதுபோல விலா தட்டுப்பட்டால் அளவு சரி. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கூடிவிட்டது. நிறை பார்க்க, நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் நிறையைக் கழித்தால் போதும்.

தெருவிலிருந்து எடுத்த பெட்டை

வீட்டுக்கு வந்து சேர்ந்த வளர்ந்த பெட்டைக்கு ஏற்கனவே செய்திருக்கிறதா என்று தெரியாவிட்டால் முதலில் காதைப் பாருங்கள். முகாமில் செய்த நாய்களுக்குக் காது நுனியில் ஒரு சிறு வெட்டு இருக்கும், மயக்கத்திலேயே வெட்டியது. காது முழுதாக இருந்தால் வைத்தியரிடம் கொண்டுபோய்த் தொப்புளுக்குக் கீழேயும் விலாவுக்குப் பின்னாலும் மயிரை வழித்துத் தழும்பு தேடச் சொல்லலாம். தழும்பும் இல்லை, வேட்கையும் காணவில்லை என்றால் ஏழெட்டு மாதம் திகதி குறித்துக் கவனியுங்கள். ஒரு நாள் காலையில் கேற்றடியில் அறியாத கடுவன்கள் இரண்டு மூன்று படுத்திருந்தால் அன்றே பெட்டையைக் கட்டி, மூன்று வாரம் பூட்டிவைத்து, அதிலிருந்து மூன்றாம் மாதத்துக்கு நாள் எடுங்கள்.